பொட்டு வைத்து அழைத்த கம்பெனி

ராவுலபட்டணத்தில் பொட்டு வாங்கிக்கொண்டவள் போகாமல் இருக்க முடியாது. குங்குமச் சிமிழோடு ஒருத்தி வாசலில் வந்து நின்று, நெற்றியில் பொட்டு வைத்து, எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். போன வாரம் வேலிச் சண்டையில் மண்ணை வாரித் தூற்றியவள் அழைத்தாலும் போகத்தான் வேண்டும். வீடு பூட்டியிருந்தால் கதவிலேயே ஒரு பொட்டை வைத்துவிட்டுப் போவார்கள். போன இடத்தில் குறை சொல்லவும் கூடாது. கொடுத்த கடலை சரியாக ஊறாமல் பல்லை உடைத்தாலும், சிரித்துக்கொண்டே மடியில் வாங்கிக் கட்டிக்கொண்டு வரவேண்டும். புருஷனை இழந்தவளுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது, ஏனென்றால் அவளை யாரும் அழைப்பதே இல்லை.

நூகரத்னம் மாநகராட்சியில் கார்ப்பரேட்டர் ஆனது இந்தச் சிமிழால்தான். ஊரின் வடக்கு ஓரத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்த ஜீடித்தோட்டம் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, கட்சி அவள் கணவன் சன்யாசிநாயுடுவைக் கூப்பிட்டு, உன் வீட்டம்மாவை நிறுத்து என்றது. மேடையேறிப் பேச அவளுக்கு வராது. வாசல் வாசலாகப் போய்ப் பொட்டு வைத்தாள். வாங்கிக்கொண்ட பெண்கள் கல்யாணத்துக்கு வருவதுபோல வரிசையில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். ஜெயித்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்தது நாயுடு. அவனை நேரில் 'கார்ப்பரேட்டர் காரு' என்றும், முதுகுக்குப் பின்னால் 'கார்ப்பரேட்டர் புருஷன்' என்றும் ஊர் சொன்னது. இரண்டுக்குமே அவன் திரும்பிப் பார்த்தான்.

நூகரத்னத்துக்குப் பதவி பெரிதாகத் தெரியவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே குறை. மகள் லிகிதா இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஹைதராபாத்தில் அமீர்பேட்டை விடுதி ஒன்றில் கிடந்தாள். ஒரு கோர்ஸ் முடிந்தால் இன்னொரு கோர்ஸ், ஓர் அறையில் ஆறு கட்டில், குளிக்க வரிசை. சங்கராந்திக்கு வந்தபோது பார்த்தவர்கள் எல்லாம் வேலை கிடைத்ததா என்று கேட்டார்கள் என்று, அடுத்த சங்கராந்திக்கு அவள் வரவேயில்லை. ஊர் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டுதான் இருந்தது. பாலம் வந்தது, மால் வந்தது, மூன்று இன்ஜினியரிங் கல்லூரி வந்தது. படித்த பிள்ளைகளுக்கு வேலை மட்டும் வரவில்லை. மகள் இதே ஊரில் வேலைக்குப் போய், சாயங்காலம் வீடு திரும்பி, தன் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும். அந்தத் தாய் தெய்வத்திடம் கேட்டது இவ்வளவுதான்.

அப்போதுதான் கம்பெனி வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. உலகத்தில் பாதிப் பேர் கையில் அதன் சரக்குதான் இருக்கிறதாம். ஆனால் முடிவாகும் வரை பெயரை வெளியே சொல்லக்கூடாதாம். அதனால் ஊர் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டது. மாப்பிள்ளை நான்கைந்து ஊர்களில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்ன தரும் என்று கேட்டு அனுப்பியிருந்தார். மாநகராட்சிக் கமிஷனர் தட்டு நிறைய வைத்தார். நிலம் சும்மா கொடுத்த மாதிரி, அணைத் தண்ணீரில் முதல் பங்கு, வரி கிடையாது, மின்சாரம் பாதி விலை. வரதட்சணை வாங்குவது குற்றம் என்று சுவரில் எழுதிப்போட்ட அதே மாநகராட்சிதான் இதையும் எழுதிக் கொடுத்தது.

பெண் பார்க்க வந்த அன்று ஊரை ஊராகவே அடையாளம் தெரியவில்லை. நாய்களைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். சாலை நடுவில் பேரீச்சை மரம் நட்டார்கள். சாக்கடையோரக் குடிசைகளுக்குப் பச்சைத் துணியால் திரை கட்டினார்கள். வந்தது மாப்பிள்ளை இல்லை, அவர் அனுப்பிய இரண்டு இளைஞர்கள். தண்ணீரைக்கூட அவர்களே பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்கள். நூகரத்னம் ஆரத்தி எடுத்தாள், நெற்றியில் திலகம் வைத்தாள், நுரை பொங்கக் காப்பி கொடுத்தாள். வாங்கி மேஜைமேல் வைத்தார்கள், தொடவில்லை. காப்பியைத் தொடாத மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லமாட்டார்கள் என்று நம் வீட்டுச் சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். கமிஷனருக்குத் தெரியவில்லை. நூகரத்னத்துக்குத் தெரிந்தது, ஆனால் மகளை நினைத்து அவள் அதைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டாள்.

அவர்கள் விரலை வைத்துக் காட்டிய இடம் ஜீடித்தோட்டம். தோப்பும் வீடுகளும் அரசாங்கம் எப்போதோ கொடுத்த பட்டா நிலத்தில் இருந்தன. சனங்கள் சம்மதித்தால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் காலனி வீடு, வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். சம்மதமா என்று கேட்டுக் கூட்டம் நடத்தவேண்டும் என்பது சட்டம். கூட்டத்தில் ஓர் ஆட்சேபணைகூட எழக்கூடாது என்பது மாப்பிள்ளையின் நிபந்தனை. தகராறு உள்ள வீட்டில் அவர் பெண்ணெடுக்கமாட்டார்.

எழும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஆட்சேபணைக்குப் பெயர் அப்பலநரசம்மா. நூகரத்னத்துக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல்கள் எல்லாம் கறுத்துப்போயிருக்கும். அவள் கணவன் சிம்மாசலத்துக்கு, பல வருஷங்களுக்கு முன் ஓடைக்கரையில் வந்த மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஊரே பொறாமைப்பட்டது. நெஞ்சு வெந்து செத்துப்போனான். ஓடையில் இன்றைக்கும் மாடுகள் வாய் வைப்பதில்லை. சின்ன வயதிலிருந்தே நூகரத்னம் அவளை 'வதினா' என்றுதான் கூப்பிடுவாள், கூடப்பிறந்த அண்ணன் மனைவியைக் கூப்பிடுவதுபோல. லிகிதா பிறந்தபோது முதலில் கையில் ஏந்தியவளும் அவள்தான்.

கம்பெனி விஷயத்தில் இருவருக்கும் குழாயடியில் தினமும் வாக்குவாதம். நாம் கூப்பிடாவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவான் என்பாள் நூகரத்னம்.

"பக்கத்து வீட்டுக்காரி குடுக்குறாளேன்னு நம்ம வீட்டுக் கதவக் கழட்டிக் குடுப்பியா, ரத்னம்?" என்று கேட்டாள் அப்பலநரசம்மா. "ஊரு நல்லா இருந்தா அவனே வந்து கதவத் தட்டட்டும். இப்பவே இவ்வளவு கேக்குறவன், வந்து உக்காந்துட்டா எந்திரிக்கவா போறான்?"

"புள்ளைங்க எல்லாம் ஊரவிட்டுப் போவுதே வதினா. அதுக்கு என்ன சொல்ற?"

அப்பலநரசம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பதில் இல்லாததற்காகக் கதவைக் கொடுக்க முடியுமா என்று முணுமுணுத்தபடி போனாள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கும்போது ஜெயிப்பது யார் என்றால், தந்திரம் தெரிந்தவன்.

தந்திரம் நாயுடுவுக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தைப் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்தால் கண்டவர்களும் வருவார்கள், கண்டதையும் பேசுவார்கள். சிராவண மாத வெள்ளிக்கிழமை, தோப்புக்கு எதிரே இருக்கிற கல்யாண மண்டபத்தில், சுமங்கலிகளை அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுக்கிற பேரண்டமாக வைத்துவிட்டால்? காலுக்கு மஞ்சள், கழுத்துக்குச் சந்தனம், மடியில் கடலையும் ரவிக்கைத் துணியும். பட்டாக்கள் முக்கால்வாசி பெண்கள் பெயரில்தான் இருக்கின்றன. பொட்டு வாங்கியவர்கள் அத்தனை பேரும் வருவார்கள், வந்த இடத்தில் குறை சொல்லமாட்டார்கள். கைம்பெண் வரமாட்டாள்.

"நீ பொட்டு மட்டும் வச்சிட்டு வா. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றான் மனைவியிடம்.

இது சரியா என்று அவள் கேட்காமல் இல்லை. பேரண்டம் வேறு, கூட்டம் வேறு இல்லையா என்றாள். நாயுடு சத்தம் போடவில்லை. லிகிதாவுக்கு இன்னும் எத்தனை வருஷம் விடுதிச் சோறு போட உத்தேசம் என்று மட்டும் கேட்டான். அவள் எழுந்து போய்ச் சிமிழை எடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க நடந்தாள். மேட்டுத் தெருவில் ஈஸ்வரியும் மாமியார் பங்காரம்மாவும் இருந்த வீடு, பிறகு தெலுகுல தெரு. எல்லாப் பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து நெற்றியைக் காட்டினார்கள். பூட்டியிருந்த கதவுகளில் பொட்டு வைத்தாள். கடைசியில் அப்பலநரசம்மாவின் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. அவள் படியில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நூகரத்னம் சிமிழை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்படிச் செய்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

"ஏன் மறைக்குற? நான் என்ன பிடுங்கிக்கவா போறேன்" என்றாள் அப்பலநரசம்மா. "ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. வெள்ளிக்கெழம நடக்குறது பேரண்டமா, கவர்மெண்டு கூட்டமா?"

"ரெண்டும்தான் வதினா."

"பேரண்டத்துக்குத்தான் நான் வரக்கூடாது. கூட்டத்துக்கு வரலாமில்ல? என் பேருலயும் பட்டா இருக்கு."

நூகரத்னம் வா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவள் மகளை முதலில் ஏந்திய கை எதிரே கறுத்துக் கிடந்தது. ஆனால் அவள் கண்ணுக்கு விடுதிக் கட்டில்தான் தெரிந்தது.

"வேணாம் வதினா" என்றாள். "நல்ல காரியம்."

அப்பலநரசம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். கோபப்படவில்லை. குனிந்து அடுத்த கொட்டையை எடுத்துக் கல்லில் வைத்தாள். நூகரத்னம் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுதாள் என்பதற்காக அவளை மன்னிக்கச் சொல்லவில்லை, அழுதாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பட்டுப்புடவையும் மல்லிகையும் மஞ்சள் வாசனையுமாக, பார்க்கவே கண் கொள்ளாது. நூகரத்னம் குனிந்து குனிந்து ஒவ்வொருத்தி காலுக்கும் மஞ்சள் பூசினாள். பிறகு மேடையில் ஜாயிண்ட் கலெக்டர் வந்து உட்கார்ந்து, காகிதத்தைப் பார்த்து வேகமாக வாசித்தார். திரையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன, அவற்றின் நடுவே ஒரு பெண் மடியில் கணினியை வைத்துச் சிரித்தாள். படம் முடிந்ததும், யாருக்காவது ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்டார்.

மேட்டுத் தெரு ஈஸ்வரி பாதி எழுந்தாள். வீட்டுக்கு ஒரு வேலை என்பதை எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்க நினைத்தவள் அவள். பக்கத்தில் இருந்த மாமியார் பங்காரம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"பொட்டு வாங்கிட்டு வந்த எடத்துல என்னடி பேச்சு. ரத்னம் மொகத்துக்காவது பாரு" என்றாள் காதோடு.

மொத்த மண்டபமும் ரத்னத்தின் முகத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தது. ஆட்சேபணை எதுவும் இல்லை என்று ஜாயிண்ட் கலெக்டர் சொல்ல, வீடியோக்காரன் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுத்தான். எல்லோரும் கடலையை மடியில் கட்டிக்கொண்டு, பேரண்டம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நூகரத்னத்தின் வாழ்க்கையில் அதைவிடக் கௌரவமான நாள் அதற்கு முன் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை.

மழை விட்டதும் இயந்திரங்கள் வந்தன. முந்திரி மரங்கள் பூத்திருந்த நேரம். முதலில் மரங்கள், பிறகு வீடுகள். நூகரத்னத்தின் வீடும் போயிற்று. ஆனால் நாயுடுவுக்கு ஊருக்குள் இன்னொரு வீடு இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. அவர்களை லாரியில் ஏற்றி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். கூரைக்குக் கீழே ஒரே அறை, தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை. உடைக்கக் கொட்டை இல்லாத பெண்கள் ஊருக்குள் பாத்திரம் தேய்க்கக் கிளம்பினார்கள். அதில் பஸ்ஸுக்கே பாதி போயிற்று. கம்பெனி வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தோப்பு இருந்த இடத்தைச் சுற்றி உயரமாக மதில் எழுந்தது. மதிலில் அதே சிரிக்கும் பெண்ணை வரைந்தார்கள்.

மாப்பிள்ளை வரவில்லை. ஒரு நாள் செய்தித்தாளில் வந்தது. கர்நாடகத்தில் இன்னோர் ஊர் இதைவிடப் பெரிய தட்டு வைத்ததாம், அங்கே முடிவாகிவிட்டதாம். ராவுலபட்டணத்தின் அன்பை மறக்கமாட்டோம் என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்கள். நிலத்தைத் திருப்பித் தரலாமே என்று கேட்டவர்களுக்கு, வருங்காலத்தில் வேறு கம்பெனி வந்தால் தேவைப்படும் என்று பதில் வந்தது. மதிலுக்கு உள்ளே சீமைக்கருவேலம் வளர்ந்தது. நெற்றியில் திலகம் வாங்கிக்கொண்டு வராமல் போன முதல் விருந்தாளியை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. கமிஷனருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. நாயுடு, விதி என்றான்.

அதோடு போயிருந்தாலும் பெண்கள் நூகரத்னத்தை மன்னித்திருப்பார்கள். அவளும்தானே ஏமாந்தாள். ஆனால் அடுத்த வருஷம் லிகிதாவுக்கு வேலை கிடைத்தது. அந்தக் கம்பெனியில், அந்தக் கர்நாடக ஊரில். யார் சிபாரிசும் இல்லை. பரீட்சை எழுதி, நான்கு சுற்று நேர்காணல் போய், தானாக வாங்கிய வேலை. யார் நம்புவார்கள்? வீட்டுக்கு ஒரு வேலை என்றார்களே, எந்த வீட்டுக்கு என்று இப்போது தெரிந்துவிட்டது என்று காலனியில் பேசிக்கொண்டார்கள். நூகரத்னம் போகிற இடமெல்லாம் சத்தியம் செய்தாள். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். உண்மையைச் சொல்லும்போதுதான் அவள் குரல் பொய் சொல்கிறவள் குரல்போல இருந்தது.

கூட வேலை செய்த அந்த ஊர்ப் பையனையே லிகிதா பிடித்துக்கொண்டாள். நல்ல குடும்பம். சன்யாசிநாயுடு மண்டபம் பிடித்தான், அதே மண்டபம். நூகரத்னம் சிமிழை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனாள். கதவைச் சாத்துவார்கள், ஏசுவார்கள் என்று பயந்துகொண்டே போனாள். யாரும் ஏசவில்லை. ஈஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நெற்றியைக் காட்டினாள். பங்காரம்மா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து காட்டினாள். ஒவ்வொருத்தியும் பொட்டு வாங்கிக்கொண்டு, அதே சொல்லை அதே மாதிரி சொன்னாள்.

"ஆகட்டும்மா."

அவளுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. பொட்டு வாங்கிக்கொண்டார்களே, வந்துவிடுவார்கள். அன்று ராத்திரி கணவனிடம், நம் சனங்கள் தங்கம் என்றாள். காலனியில் அப்பலநரசம்மாவின் கதவும் ஒருக்களித்துக் கிடந்ததுதான். அந்த வாசலுக்கு மட்டும் அவள் போகவில்லை. இந்தத் தடவை வழக்கத்துக்காக இல்லை, வெட்கத்துக்காக.

முகூர்த்தத்தன்று காலையில் பந்தி போட்டு வைத்திருந்தது, வாசலில் பன்னீர்த் தட்டோடு அவளே நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், கட்சிக்காரர்கள் வந்தார்கள். காலனியிலிருந்து நாயுடு அனுப்பிய பஸ் காலியாகத் திரும்பி வந்தது. யாரும் கிளம்பவில்லை என்றான் டிரைவர். உடம்பு சரியில்லையா, சாவு ஏதாவதா என்று அவள் கேட்டாள். இல்லையம்மா, எல்லோரும் பொட்டோடு அவரவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றான். ஒருத்தி வராமலிருந்தால் கோபம் என்று சொல்லலாம். பொட்டு வாங்கிய அத்தனை பேரும் வராமல் இருப்பது அந்த ஊர் வரலாற்றில் கிடையாது.

பெண்ணுக்கு நலங்கு வைக்க ஐந்து சுமங்கலிகளை அனுப்புங்கள் என்று புரோகிதர் மணையிலிருந்து குரல் கொடுத்தார். பெண் வீட்டுப் பக்கத்தில் ஒருத்திகூட இல்லை. உறவுக்காரர்கள் எல்லோரும் ஜீடித்தோட்டத்துக்காரர்கள்தான், அவர்களும் வரவில்லை. புரோகிதர் மறுபடி கூப்பிட்டார். நூகரத்னம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அவர்கள் சந்தோஷமாக எழுந்தார்கள். மொழி தெரியாத ஐந்து பெண்கள் அவள் மகளுக்கு மஞ்சள் பூசினார்கள். லிகிதா தலையை உயர்த்தி, வாசல் பக்கம் யாரையோ தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். அதைப் பார்க்கத்தான் தாய்க்குச் சகிக்கவில்லை.

தாலி கட்டி முடிந்த பிறகு, மண்டபத்து வாயிற்கதவுக்கு வெளியே யாரோ நிற்பதாகச் சமையல்காரர் வந்து சொன்னார். நூகரத்னம் ஓடினாள். வெயிலில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அப்பலநரசம்மா நின்றாள். கையில் ஒரு சின்னப் பொட்டலம். விரல்களில் பழைய கறுப்பு இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வெளுத்திருந்தன.

"நீ பொட்டு வைக்காதவ நான் ஒருத்திதான். அதான் வந்தேன்" என்றாள். "புள்ளைக்கு முந்திரி. கடையில வாங்குனது."

"அவங்க ஏன் வதினா வரல? வாங்கிக்கிட்டாங்களே."

"அன்னிக்கு இந்த மண்டபத்துல கேட்டாங்களாமே, ஆட்சேபண உண்டான்னு" என்றாள் அப்பலநரசம்மா. "உண்டாம்."

நூகரத்னம் அவள் கறுப்பு வெளுத்த கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வா, பந்தியெல்லாம் காலியாகக் கிடக்கிறது, பிள்ளையை ஒரு கண் பார்த்துவிட்டுப் போ என்று கெஞ்சினாள். வழக்கமாவது ஒன்றாவது, வா வதினா என்றாள். அன்று சிமிழை மறைத்துக்கொண்டு சொல்லாமல் விட்ட 'வா' என்ற அந்தச் சொல்லை இப்போது கேட்க ஆள் இருந்தது, ஏற்கத்தான் இல்லை.

அப்பலநரசம்மா பொட்டலத்தை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"வேணாம், ரத்னம்" என்றாள். "நல்ல காரியம்."

சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய், மதிலில் வரைந்த பெண்ணின் நிழலில் நின்றுகொண்டாள். காலனிப் பஸ் வர நேரமாகும். சாயங்கால ரயிலில் லிகிதா புருஷனோடு கர்நாடகத்துக்குக் கிளம்பவேண்டும். பந்தியில் போட்ட இலைகளை என்ன செய்வது என்று சமையல்காரர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.